வீட்டுக்கு முன்னால் இறங்காத பிள்ளை

(கேமரன் மலை, தானா ராத்தாவில் ஆசிரியர்களும் பெற்றோரும் இடைநிலைப்பள்ளி மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஒரு நாவலைப் பற்றிப் பேசும்படி என்னை அழைத்தீர்கள். 1951 ஜூலையில் அமெரிக்காவில் வெளிவந்த நாவல் அது; ஜே. டி. சாலிஞ்சர் எழுதிய 'தி கேட்சர் இன் தி ரை'. பதின்ம வயதின் தனிமையைப் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் முதலில் வந்து நிற்கும் பெயர் அதுதான். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. கெடா மாநிலத்துப் பீடோங்கில் பிறந்த ஒரு தமிழர் எழுதிய நாவலையும் அதன் பக்கத்தில் வைக்கப்போகிறேன். கே. எஸ். மணியத்தின் 'தி ரிட்டர்ன்', 1981இல் வந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், இந்த மலையில் வளரும் நம் பிள்ளைகளைப் பற்றி நாம் பேசாமல் விட்ட ஒரு செய்தி வெளியே வருகிறது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் அமெரிக்கப் பையனின் கதை. பெயர் ஹோல்டன் கோல்ஃபீல்டு. வயது 16. பென்சில்வேனியாவில் விடுதியோடு சேர்ந்த ஒரு பள்ளியில் படிக்கிறான். ஐந்து பாடத்தில் நான்கு போய்விட்டது. ஆங்கிலம் மட்டும் தேறியிருக்கிறது. கிறிஸ்துமஸ் விடுமுறையோடு பள்ளியை விட்டு நீக்கிவிடுகிறார்கள். இதைச் சொல்லும் கடிதம் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் பெற்றோர் முகத்தில் விழிக்க அவனுக்கு விருப்பமில்லை. இரவோடு இரவாக ரயிலேறி நியூயார்க் வருகிறான். சொந்த ஊரிலேயே ஊரற்றவனாக ஹோட்டலிலும் மதுக்கூடத்திலும் டாக்ஸியிலும் பூங்காவிலும் சுற்றுகிறான். எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் பேச்சுக் கொடுத்துப் பார்க்கிறான். குளிர்காலத்தில் சென்ட்ரல் பார்க் குளம் உறைந்துபோனால் அங்கிருக்கும் வாத்துகள் எங்கே போகும் என்று டாக்ஸி ஓட்டுநர்களைக் கேட்கிறான். ஓட்டுநர்களுக்கு அது பைத்தியக்காரக் கேள்வி. அவனுக்கோ உயிர்க்கேள்வி. இருந்த இடம் இல்லாமல் போனால் ஓர் உயிர் எங்கே போகும் என்று தெரிந்துகொள்ள நினைக்கிறான்.

கதையில் ஒரு பொருள் வருகிறது. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஹோல்டனுக்கு ஆலி என்றொரு தம்பி இருந்தான். 11 வயதில் இரத்தப் புற்றுநோயில் இறந்துபோனான். பேஸ்பால் விளையாடும் இடக்கைக்காரப் பையன். பந்து பிடிக்கும் தோல் கையுறையின் விரல்களிலும் உள்ளங்கையிலும் பச்சை மையால் கவிதைகளை எழுதி வைத்திருந்தான். மைதானத்தில் பந்து தன் பக்கம் வராத நேரத்தில் படிப்பதற்காக. தம்பி இறந்த இரவில் ஹோல்டன் வண்டிக்கொட்டகையின் கண்ணாடிகளையெல்லாம் வெறுங்கையால் குத்தி உடைத்தான். பிறகு பள்ளி விடுதியில், அறைத்தோழன் தனக்காக ஒரு கட்டுரை எழுதித் தரச் சொல்கிறான். ஓர் அறையையோ வீட்டையோ வர்ணிக்க வேண்டும், அதுதான் தலைப்பு. ஹோல்டனுக்கு அறையைப் பற்றி எழுத ஒன்றும் தோன்றவில்லை. தம்பியின் கையுறையைப் பற்றி எழுதிக் கொடுக்கிறான். தலைப்பை விட்டு விலகிவிட்டாய் என்று தோழன் சீறுகிறான். ஹோல்டன் அந்தத் தாளை வாங்கித் துண்டு துண்டாகக் கிழித்துப் போடுகிறான்.

ஆசிரியப் பெருமக்கள் இந்த இடத்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பையன் தன் வாழ்க்கையில் மனந்திறந்து எழுதிய ஒரே கட்டுரை, தலைப்புக்குப் பொருந்தவில்லை என்ற காரணத்தால் குப்பைக்குப் போனது.

நாவல் முழுக்கப் பெரியவர்கள் வருகிறார்கள். வரலாற்று ஆசிரியர் ஸ்பென்சர் காய்ச்சலோடு உட்கார்ந்தபடியே அவனுடைய தேர்வுத்தாளை வாய்விட்டுப் படித்துக் காட்டிப் புத்தி சொல்கிறார். பழைய ஆசிரியர் அன்டோலினி நள்ளிரவில் அவனை வீட்டுக்குள் விட்டு, அவரும் நீண்ட புத்திமதி சொல்கிறார். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அவனைப் பேசவிட்டுக் கேட்பவர் ஒருவரும் இல்லை. கேட்பவள் பத்து வயதுத் தங்கை ஃபீபி மட்டுமே. உனக்குப் பிடித்தது என்று ஏதாவது ஒன்றைச் சொல் பார்ப்போம் என்கிறாள். திணறித் திணறி, கடைசியில் அவன் ஒரு கனவைச் சொல்கிறான். வயலில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் விளையாடுகிறார்கள்; வயலின் ஓரத்தில் செங்குத்தான பள்ளம்; ஓடிவருகிற வேகத்தில் பள்ளத்தில் விழப்போகும் பிள்ளையை எட்டிப் பிடிக்கும் ஆளாக அங்கே நிற்க வேண்டும், வேறெதுவும் வேண்டாம் என்கிறான். தன்னைப் பிடித்து நிறுத்த யாரும் இல்லாத பையன், பிறர் பிள்ளைகளைப் பிடிக்கும் வேலையை விரும்புகிறான். அந்த நாவலின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

சாலிஞ்சர் இரண்டாம் உலகப்போரில் நார்மண்டிக் கரையில் இறங்கிய படைவீரர். நாவல் வந்தபோது அவருக்கு 32 வயது. புத்தகம் 6 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றதாகக் கணக்குச் சொல்கிறார்கள். அதே புத்தகத்தை அமெரிக்கப் பள்ளிகள் பலமுறை நூலகத்திலிருந்து எடுத்தும் எறிந்திருக்கின்றன. பாடமாக வைத்த ஆசிரியர்கள் வேலை இழந்ததும் உண்டு. கெட்ட வார்த்தை இருக்கிறது, பெரியவர்களை மதிக்கவில்லை என்பவை குற்றச்சாட்டுகள். பிள்ளை தன் வாயால் பேசினால் எப்படிப் பேசுவானோ அப்படியே பேசியதுதான் அந்த நாவல் செய்த காரியம்.

சரி, நமக்கும் அதற்கும் என்ன? ஹோல்டனின் அப்பா பெரிய நிறுவனங்களுக்கான வழக்கறிஞர். நியூயார்க்கில் அடுக்குமாடி வீடு. அண்ணன் ஹாலிவுட்டில் எழுத்தாளர். விடியுமுன் எழுந்து மலைச்சரிவில் மருந்தடிக்கப் போகும் தகப்பனின் பிள்ளைக்கு இவன் கதை எதற்கு? நியாயமான கேள்வி. இந்த மலைக்கே அந்தக் கேள்வி பழக்கமானதுதான். அந்த நாவல் வெளிவந்த 1950களில் இதே தானா ராத்தாவில், மலாயாவில் இருந்த பிரிட்டிஷ் படையினரின் பிள்ளைகளுக்காக ஸ்லிம் என்ற பிரிட்டிஷ் படைத்தலைவர் பெயரில் விடுதியோடு கூடிய பள்ளி ஒன்று நடந்தது. ஹோல்டனைப் போன்ற வெள்ளைக்காரப் பிள்ளைகள் பெற்றோரைப் பிரிந்து இந்தப் பனியில் இருந்து படித்தார்கள். சில மைல் தள்ளித் தோட்டத்தில் அதே வயதுத் தமிழ்ப் பிள்ளைகள் வளர்ந்தார்கள். இரண்டு கூட்டத்துக்கும் தனிமை இருந்திருக்கும். இரண்டும் ஒரே தனிமையா? அதற்கு விடை காணத்தான் மணியத்தின் நாவலை எடுத்துவந்தேன்.

கே. எஸ். மணியம் 1942இல் பிறந்தவர். 2020 பிப்ரவரியில் காலமானார். பீடோங்கில் ஒரு மருத்துவமனை வளாகத்தில் துணி வெளுக்கும் தொழிலாளியின் மகன். கொஞ்சக் காலம் தமிழ்ப்பள்ளி, பிறகு சுங்கை பட்டாணியில் ஆங்கிலப் பள்ளி. ஆசிரியர் பயிற்சிக்காக இங்கிலாந்து போய்வந்தார். பின்னாளில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்தார். தெற்காசியப் புலம்பெயர் இலக்கியத்துக்கான ராஜா ராவ் விருதை 2000இல் முதன்முதலாகப் பெற்றவர் அவர். 'தி ரிட்டர்ன்' அவருடைய முதல் நாவல். தன் வாழ்க்கையைப் பெரிதும் தழுவி எழுதியது.

கதை சொல்பவன் ரவி. அவனுடைய பாட்டி பெரியதாய், மூன்று ஆண்பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு இந்தியாவிலிருந்து வந்தவள். ஊரூராக அலைந்து உழைத்துப் பிழைத்து ஒரு வீடு கட்டினாள். நடராசர் சிலை வைத்து வணங்கினாள். அது தன் மண் என்று நம்பினாள். அந்த மண்ணுக்குப் பட்டா இல்லை என்று அதிகாரிகள் வந்து சொன்ன நாளில் ஆடிப்போனாள். ரவியின் அப்பா மருத்துவமனையில் சலவைத் தொழிலாளி. வளாகத்தில் தலைமைக் கிராணியின் (எழுத்தரின்) வீடு ஓர் உயரத்தில், வெளுப்பவரின் வீடு வேறு தாழ்வில். ரவி வீடு வீடாகப் போய் அழுக்குத் துணி வாங்கிவர வேண்டும்.

அவன் முதலில் தமிழ்ப்பள்ளியில் படிக்கிறான். முருகேசு வாத்தியார் பாடப்புத்தகத்துக் குடும்பத்தையும் ஊரையும் உயிரோடு காட்டுகிறார். பிறகு ஆங்கிலப் பள்ளி. மிஸ் நான்சி என்ற ஆசிரியை வெள்ளைக்காரத் தேவதைக் கதைகளைச் சொல்கிறார். அந்தக் கதைகளில் உள்ள வீடு அவன் வீடு இல்லை, அந்தச் சாப்பாடு அவன் வீட்டுச் சாப்பாடு இல்லை. ஆனால் அந்த மொழி அவனுக்குப் பிடித்துப்போகிறது. அந்த மொழிக்குள் போனால் அழுக்குத் துணி மூட்டை இல்லை, தொழிலாளர் வரிசைவீடான லயம் இல்லை, கிராணி வீட்டுக் கொல்லைப்புற வாசல் இல்லை. ஊரார் சட்டையை வெளுத்துக் கொடுக்கும் தகப்பனின் மகன், தனக்கென்று ஒரு வெள்ளைச் சட்டையாக அந்த மொழியை எடுத்துப் போட்டுக்கொள்கிறான். போட்டுக்கொண்ட பிறகு வீட்டுக்குள் நுழையும்போது அது உடம்பில் உறுத்துகிறது.

இங்கிலாந்துக்குப் போய்ப் படித்து ஆசிரியனாகத் திரும்பி வருகிறான். தகப்பன் இதற்குள் வேறு மனிதராகியிருக்கிறார். பெரியதாய்க்குக் கிடைக்காத மண்ணைத் தான் பிடித்தே தீருவது என்று தனக்கு உரிமையில்லாத நிலத்தைத் திருத்தி வீடு கட்டுகிறார். அவர் பேச்சில் தமிழும் மலாயும் சீனமும் கலந்து ஒரு புரியாத மொழியாக வருகிறது. மகனுக்கு வேலை இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, நல்ல ஆங்கிலம் இருக்கிறது. அப்பாவோடு பேச மட்டும் மொழி இல்லை. கடைசியில் தகப்பன் தான் கட்டிய வீட்டோடு தன்னையும் தீக்கு இரையாக்கிக்கொள்கிறார்.

இப்போது இரண்டு பிள்ளைகளையும் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். ஹோல்டன் தனக்குக் கிடைத்ததை வெறுக்கிறான். ரவி தனக்கு வாய்த்ததை நினைத்துக் கூச்சப்படுகிறான். ஹோல்டன் உலகத்தைப் பார்த்து எல்லாமே போலி என்று சொல்கிறான். அப்படிச் சொல்லும் துணிச்சல் எங்கிருந்து வருகிறது என்றால், அவன் பையில் வீட்டுச் சாவி இருக்கிறது. நள்ளிரவில் அந்தச் சாவியால் கதவைத் திறந்துதான் தங்கையைப் பார்க்கிறான். ரவியின் குடும்பத்துக்குச் சாவி உண்டு. வீட்டுக்கு உரிமை இல்லை. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை உலகத்தைப் போலி என்று திட்டுவதில்லை. உலகம் சரி, நாம்தான் குறை என்று நினைத்துக்கொள்கிறான்.

நான் சொல்லவந்தது இதுதான். பதின்ம வயதின் தனிமை எல்லா நாட்டிலும் உண்டு. நம் தோட்டத்துப் பிள்ளையிடம் அது கூச்சமாக வருகிறது. வெறுப்புக்கு வாய் உண்டு. கூச்சத்துக்கு வாய் இல்லை. ஆகவே ஹோல்டனின் தனிமை சத்தம் போட்டு உலகத்துக்கே தெரிந்துவிட்டது. நம் பிள்ளையின் தனிமை அடுத்த அறையில் இருக்கும் அம்மாவுக்கும் தெரிவதில்லை.

இந்தக் கூச்சம் பிள்ளையின் மனத்தில் தானாக முளைத்தது இல்லை. அதற்கு இந்த மண்ணில் வரலாறு இருக்கிறது. 1885இல் வில்லியம் கேமரன் இந்த மேட்டுநிலத்தை அளந்தார். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1931 வாக்கில் தாப்பாவிலிருந்து மலைப்பாதை வந்தது. காட்டை வெட்டி, சரிவில் நாற்று நட்டு, கொழுந்து பறித்த கைகளில் பெரும்பகுதி தமிழ்க் கைகள். தலைமுறைக் கணக்கில் அவர்கள் இருந்த லயத்து வீடு வேலையோடு சேர்ந்த வீடு. வேலை இருக்கும்வரை வீடு. ஓய்வு பெற்றால் பெட்டி கட்ட வேண்டும். மலையடிவாரத்து ரப்பர்த் தோட்டங்களிலும் இதே நிலைதான். 1950களிலும் 60களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது ஆயிரமாயிரம் குடும்பங்கள் வேலையும் வீடும் ஒரே நாளில் இழந்தன. அரசியல் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் சிறுகச் சிறுகப் பங்குப்பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார். கூலிக்கு உழைத்தவர்கள் அந்தப் பணத்தைக் கட்டியது எதற்காக? காலுக்கடியில் தங்களுக்கென்று ஒரு பிடி மண் வேண்டும் என்பதற்காக. பெரியதாயின் ஏக்கமும் அதுதான்.

பிள்ளை இதையெல்லாம் வரலாறாகப் படிப்பதில்லை. வீட்டில் பெரியவர்கள் தணிந்த குரலில் பேசுவதைக் கேட்டு உள்வாங்கிக்கொள்கிறான். இந்த வீடு நம்முடையது இல்லை, நீ படித்து வெளியே போக வேண்டும், எங்களைப்போல் ஆகிவிடாதே. அன்பினால் சொல்லப்படும் சொற்கள்தாம் இவை. கேட்கும் பிள்ளைக்கு வேறொன்றும் சேர்ந்து விழுகிறது. அம்மா அப்பாவைப்போல் ஆவது ஒரு தோல்வி என்று விழுகிறது.

அடுத்த அடி பள்ளியில். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் அவனுக்குத் தெரிந்த ஆசிரியர், தெரிந்த மொழி, தெரிந்த முகங்கள். பிறகு முதலாம் படிவம். சிலருக்கு அதற்கு முன் புகுமுக வகுப்பு. பாடம் மலாயில். வகுப்பில் நகரத்துப் பிள்ளைகள், கடைக்காரர் பிள்ளைகள், காய்கறித் தோட்ட முதலாளிகளின் பிள்ளைகள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில், குரல் உடையும் பருவத்தில், பேச்சுமொழியும் மாறுகிறது. தமிழ்ப்பள்ளியில் மேடையேறிப் பேசிப் பரிசு வாங்கிய பிள்ளை ஒரே ஆண்டில் ஊமையாவதை இங்கே இருக்கும் ஆசிரியர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மணியம் காட்டிய ஆங்கிலப் பள்ளி 1970 முதல் படிப்படியாக மலாய்வழிப் பள்ளியாக மாறிவிட்டது. வாசற்படியில் பிள்ளைக்கு வரும் தடுமாற்றம் மாறவில்லை.

நான் இடைநிலைப்பள்ளியில் பாடம் நடத்திய காலத்தில் ஒரு மாணவன் இருந்தான். படிவம் மூன்று. கணக்கில் கெட்டிக்காரன். பள்ளி வேன் அவனை லயத்து வாசலிலேயே இறக்கிவிடும். அவனோ முச்சந்தியிலேயே இறங்கிக்கொள்வான். மழை பெய்தாலும் அங்கேதான். வேன் வளைவில் திரும்பி மறையும்வரை செருப்பைச் சரிசெய்வதுபோலக் குனிந்து நிற்பான். பிறகுதான் தோட்டத்துப் பாதையில் நடப்பான். வேனில் இருக்கும் வகுப்புத்தோழர்கள் தன் வீட்டைப் பார்க்கக் கூடாது. அந்த வீட்டில் குறை ஒன்றும் இல்லை. வாசலில் அம்மா வைத்த ரோசாச் செடிகள் இருந்தன. உள்ளே அவன் வாங்கிய பரிசுக் கோப்பைகளைத் துடைத்து வரிசையாக அடுக்கியிருந்தார் அப்பா.

இந்த மலையில் அந்தக் கூச்சத்துக்கு இன்னொரு கூர்மையும் உண்டு. சுங்கை பாலாஸ் தேயிலை மையத்துக்குப் போனால் பள்ளத்தாக்கின் மேல் நீட்டிக் கட்டிய மேடை இருக்கிறது. விடுமுறை நாளில் நிற்க இடம் கிடைக்காது. கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்தவர்கள் தேநீர்க் கோப்பையோடு நின்று படம் எடுக்கிறார்கள். பச்சைச் சரிவு, பனி, நடுவில் சின்னச் சின்ன வீடுகள். படத்தில் அந்த வீடுகள் அழகாகத்தான் விழுகின்றன. அப்படிப்பட்ட ஒரு வீட்டில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். ஊரெல்லாம் காசு கொடுத்து வந்து ரசிக்கும் இடத்தில் பிறந்தும், பிறந்த இடத்தைச் சொல்ல அவனுக்கு நா எழவில்லை. அவன் பாட்டன் நட்டு வளர்த்த அழகு அது. அந்தப் பெருமையை அவனுக்கு யாரும் எடுத்துச் சொன்னதில்லை.

தமிழில் இந்த வயதை ஆழமாகத் தொட்ட நாவல் ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு', 1977. செகந்திராபாத்தில் ரயில்வே குடியிருப்பில் வளரும் சந்திரசேகரன். கிரிக்கெட், கல்லூரி, வீட்டு மாடு என்று போய்க்கொண்டிருக்கும் வாழ்க்கைக்குள் 1948இன் ஹைதராபாத் கலவரம் நுழைகிறது. கடைசியில் கூட்டத்துக்குப் பயந்து ஒரு வீட்டுக்குள் குதிக்கிறான். அங்கே ஒளிந்திருக்கும் ஏழைக் குடும்பத்துப் பெண், தன் வீட்டாரை விட்டுவிடும்படி கெஞ்சித் தன் உடலையே அவனுக்குக் கொடுக்க முன்வருகிறாள். தன்னைப் பார்த்து ஒருத்தி இப்படி அஞ்சுகிறாளே என்று உடலும் மனமும் குமட்ட அங்கிருந்து ஓடுகிறான். வெறுப்பில் ஒரு பிள்ளை, கூச்சத்தில் ஒரு பிள்ளை, குற்றவுணர்வில் ஒரு பிள்ளை. மூவரும் உலகத்திலிருந்து விலகி நிற்கிறார்கள். அந்த விலகலை நோயாகவோ திமிராகவோ பார்க்காமல், உண்மையைப் பார்த்துவிட்ட ஒரு மனத்தின் வலியாக அந்த எழுத்தாளர்கள் பார்த்தார்கள்.

மலேசியத் தமிழ் எழுத்து தோட்டத்தை மறந்ததில்லை. அ. ரெங்கசாமி ஜப்பானியர் காலத்துச் சயாம் மரண ரயிலின் துயரத்தை 'நினைவுச் சின்னம்' நாவலில் எழுதினார். சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்' தோட்டத்து மனிதர்களை அவர்கள் மொழியிலேயே நிறுத்தியது. 2017இல் அவருக்கு விஷ்ணுபுரம் விருது வழங்கப்பட்டது. ம. நவீனின் 'பேய்ச்சி' தோட்ட வாழ்வின் இருட்டுக்குள் துணிந்து போனது. 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு அதைத் தடை செய்தது. பாட்டன் பட்ட பாடும் தாய் பட்ட பாடும் நம் எழுத்தில் நிறைய இருக்கின்றன. இன்று இந்த மலையில் பதினைந்து வயதில் இருக்கும் பிள்ளை தன் வாயால் தன் கதையைச் சொல்லும் நாவல் எனக்கு இன்னும் வேண்டும். அவன் அப்பாவோடு இன்று தேயிலை வெட்டுபவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசத்தையும் நேப்பாளத்தையும் இந்தோனேசியாவையும் சேர்ந்தவர்கள். லயத்தில் தமிழ்க் குடும்பங்கள் குறைந்துவிட்டன. கோயில் திருவிழாவுக்கு மட்டும் ஆள் சேர்கிறது. அந்தப் பிள்ளையின் தனிமைக்கு இன்று புதிய காரணங்கள் சேர்ந்திருக்கின்றன. அவற்றை அவனைத் தவிர வேறு யார் சொல்ல முடியும்?

நாம் கேட்காவிட்டால் வேறு ஆட்கள் கேட்பார்கள். குண்டர் கும்பல் ஒரு பிள்ளையை எப்படிச் சேர்க்கிறது என்று விசாரித்துப் பாருங்கள். எடுத்த எடுப்பில் கத்தியைக் கையில் கொடுப்பதில்லை. முதலில் ஓர் அண்ணன் வருகிறார். தேநீர் வாங்கித் தருகிறார். என்னடா தம்பி, முகம் வாடியிருக்கு என்று கேட்கிறார். முழுக்கக் கேட்கிறார். வீட்டிலும் பள்ளியிலும் கிடைக்காத காது அங்கே கிடைக்கிறது. அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். ஹோல்டன் கண்ட கனவில் பள்ளத்தின் விளிம்பில் நின்றவன் பிள்ளைகளைக் காப்பாற்ற நின்றான். நம் ஊர் விளிம்பில் யார் நிற்கிறார்கள் என்பதைப் பெரியவர்களாகிய நாம் முடிவு செய்ய வேண்டும்.

அதனால் சில வேண்டுகோள்களை வைத்து முடிக்கிறேன்.

ஆசிரியர்களே, நம் தமிழ்ப்பள்ளிகளில் தன்கதை எழுதச் சொல்லித் தருகிறோம். நான் ஒரு பேனா, நான் ஒரு காலணி, நான் ஒரு மிதிவண்டி என்று பிள்ளைகள் அருமையாக எழுதுகிறார்கள். கடையில் பிறந்து, கைமாறி, குப்பையில் விழுந்த பேனாவின் சோகத்தை ஒன்பது வயதிலேயே எழுதும் பிள்ளைக்குத் தன் சோகத்தையும் எழுத முடியும். தொடக்கப்பள்ளி இறுதியில் இருந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இலும் படிவம் மூன்றில் இருந்த பி.டி.3 தேர்வு 2022இலும் நீக்கப்பட்டுவிட்டன. கிடைத்த இடைவெளியில் மாதத்துக்கு ஒரு பாடவேளையை ஒதுக்குங்கள். நான் என்று தொடங்கித் தன்னைப் பற்றியே எழுதட்டும். அந்தத் தாளுக்குப் புள்ளி வேண்டாம், சிவப்பு மை வேண்டாம். தலைப்பை விட்டு விலகினால் விலகட்டும். விலகிப்போன இடத்தில்தான் ஆலியின் கையுறை இருந்தது.

பெற்றோர்களே, எங்களைப்போல் ஆகாதே என்று சொல்வதை இன்றோடு நிறுத்துங்கள். படி என்று சொல்லுங்கள், உழை என்று சொல்லுங்கள். கூடவே, உங்கள் கை எந்தச் சரிவில் எத்தனை ஆண்டு உழைத்தது, எந்தக் குளிரில் பெரட்டு என்னும் காலை ஆள்கணக்குக்குப் போனீர்கள், தாத்தா எந்தக் கப்பலில் வந்தார், தோட்டத்துக் கோயிலை யார் யார் சேர்ந்து கட்டினார்கள் என்பதையும் சொல்லுங்கள். ரவியின் தகப்பன் மகனிடம் இதைச் சொல்லவில்லை, மகனும் கேட்கவில்லை. பேச்சு நின்றுபோன வீட்டில் கடைசியில் தீதான் பேசியது. பிள்ளை வாய் திறக்கும் இரவில் புத்திமதியைத் தள்ளிவைத்து, முழுக்கக் கேளுங்கள்.

நூலகப் பொறுப்பில் இருப்பவர்களே, இந்த மலையில் உள்ள ஒவ்வொரு பள்ளியிலும் மணியத்தின் நாவலும் அசோகமித்திரனின் நாவலும் மேல்படிவப் பிள்ளைகளின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். பீடோங்கில் துணி வெளுத்தவரின் மகன் உலகம் படிக்கும் நாவல் எழுதினார் என்ற செய்தியே நம் பிள்ளையின் முதுகை நிமிர்த்தும்.

கடைசியாக, பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, உங்களிடம். நீங்கள் தனியாக இருப்பதாக உணர்ந்தால் அது உங்கள் குறை அல்ல. நியூயார்க்கில் ஒருவனும் செகந்திராபாத்தில் ஒருவனும் பீடோங்கில் ஒருவனும் உங்கள் வயதில் அதே உணர்வோடு நடந்தார்கள். அவர்களை எழுதியவர்கள் அதை மறைக்காமல் எழுதியதால்தான் இன்று நாம் இங்கே கூடிப் பேசுகிறோம். நீங்கள் மறைத்து வைத்திருக்கும் வீடுதான் உங்களுடைய முதல் கதை. தமிழிலோ மலாயிலோ ஆங்கிலத்திலோ, எந்த மொழி கைக்கு வருகிறதோ அதில் எழுதுங்கள். எழுதியதை நம்பிக்கையான ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். அப்படி ஒருவர் உங்களுக்கு இல்லையென்றால் இந்தக் கூட்டம் முடிந்ததும் மேடைப் பக்கம் வாருங்கள். இங்கே இருக்கும் ஆசிரியர்களும் நானும் கேட்கத் தயாராக இருக்கிறோம்.